காலி வீட்டுக்கு ஆள்

அவரை ‘அவர்’ என்று எழுதுவது வெறும் பழக்கம். வயதில் மூத்தவர், வெள்ளை வேட்டிக்காரர், ரயிலில் எதிர் சீட்டில் வந்து உட்கார்ந்தால் யாரும் காலை மடக்கிக்கொள்ளும் தோற்றம். ஆனால் மனசுக்குள் நான் அவருக்கு ஒருநாளும் மரியாதை விகுதி போட்டதில்லை. பெயரையும் எழுதப் போவதில்லை. அவருடைய பேரப்பிள்ளைகள் இன்றைக்கும் திண்டிவனத்தில் இருக்கிறார்கள். அவர்கள் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. ஊரில் ஏலக்காரர் என்பார்கள். அது போதும்.

நான் அவரை முதன்முதலில் பார்த்தது ஓர் ஊறுகாய் ஜாடியோடு.

ஐம்பதுகளின் நடுவில் நான் விழுப்புரத்தில் நெருப்பு இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்டாக இருந்தேன். மதராஸில் தலைமை ஆபீஸ் வைத்திருந்த ஒரு கம்பெனிக்கு வேலை. ரைஸ் மில், எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலை மண்டி, ஜவுளிக்கடை, இவர்களை நம்பித்தான் பிழைப்பு. குடியிருக்கிற வீட்டுக்கு நெருப்பு இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டும் என்று அந்தக் காலத்தில் யாருக்கும் தோன்றாது. அதனால் ‘வீட்டுக்கு எடுக்கணும், வந்து பாருங்க’ என்று ஒருவர் சொல்லியனுப்பியதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கோர்ட்டுக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி ஓட்டு வீடு. அடமானம் வைத்தவர்கள் மீட்க முடியாமல் கோர்ட்டு ஏலத்துக்கு வந்து, அவர் எடுத்தது. முந்தின நாள் சாயங்காலம்தான் கோர்ட்டு அமீனா வந்து குடும்பத்தை வெளியேற்றியிருந்தார். உள்ளே நுழைந்தால் அந்தக் குடும்பம் இன்னும் அங்கேயே இருப்பது போலிருந்தது. கொடியில் குழந்தைச் சட்டை ஒன்று காயாமல் தொங்கியது. அடுப்பில் சாம்பல் அள்ளவில்லை. குரல் கொடுத்தேன்.

“இங்க இருக்கேன், வாங்க வாங்க,” என்று அடுக்களையிலிருந்து பதில் வந்தது.

குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். தொடை நடுவில் ஒரு பீங்கான் ஜாடி. கை மணிக்கட்டு வரை உள்ளே.

“ஏஜென்ட்டு நீங்கதானா? மாவடு சார். உப்பு கொஞ்சம் தூக்கல். ஆனா கை நல்ல கை. துண்ணு பாக்கறீங்களா?”

“வேணாங்க. யாரோடது இது?”

“இந்த வூட்டம்மாது. அவசரத்துல வுட்டுட்டுப் போயிட்டாங்க. வுட்டுட்டுப் போனதெல்லாம் வூட்டோட சேர்ந்தது, இல்லீங்களா?”

ஐந்து விரலையும் ஒவ்வொன்றாக உறிஞ்சினார். எழுந்து வந்து, கொடியில் தொங்கிய அந்தக் குழந்தைச் சட்டையை எட்டி இழுத்து அதில் கையைத் துடைத்துக்கொண்டு, “சொல்லுங்க சார், இன்சூரன்ஸுக்கு என்னென்ன வேணும்?” என்றார்.

இவ்வளவு எழுதியதும் அழுக்கான ஆள் என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டு வேளை குளிப்பார். நெற்றி நிறைய விபூதி. சலவை வேட்டி. வெற்றிலைகூடப் போடமாட்டார். ஆனால் அவர் உடம்பில் இருந்தது எதுவும் அவர் கடையில் வாங்கியதில்லை. செருப்பு ஒரு வீட்டில் கிடைத்தது, கொஞ்சம் பெரிசு. நடக்கும்போது குதிகாலில் டப்டப்பென்று அடிக்கும். குடை வேறொரு வீட்டினுடையது. பிடியில் யாரோ தம் இனிஷியலைச் செதுக்கி வைத்திருந்தார். மூக்குக்கண்ணாடி அடிக்கடி மாறும். பவர் பொருந்தாததால் ஒவ்வொரு கண்ணாடிக்கும் ஒவ்வொரு பக்கம் தலையைச் சாய்த்துப் பார்ப்பார்.

ஒருமுறை திண்டிவனம் போகிற பாசஞ்சரில் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து பாதி தேய்ந்த சந்தன சோப்பு ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். அதில் ஒரு நீள முடி சுற்றியிருந்தது. “அந்த வூட்டுப் பொண்ணு நல்ல சோப்பாத்தான் போட்டுக்கினு இருந்திருக்குது,” என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பேரணி ஸ்டேஷன் தாண்டும்வரை திரும்பவில்லை.

இல்லாத ஆளும் இல்லை. திண்டிவனத்தில் சொந்த வீடு, மனைவி, மகன்கள், ஏரிப் பாசனத்தில் நிலம், எல்லாம் இருந்தது. திண்டிவனம் கோர்ட்டிலும் விழுப்புரம் கோர்ட்டிலும் எந்த வீடு ஏலத்துக்கு வந்தாலும் முன் வரிசையில் நிற்பார். எடுத்த வீட்டைப் பூட்டிப் போட்டுவிடுவார். வாடகைக்கு விடமாட்டார். குடிவைத்தால் கிளப்ப முடியாது, சட்டம் அவன் பக்கம் பேசும் என்பார். “ஊரு பெருசாவட்டும் சார். ரோடு அகலமாவட்டும். அப்ப வித்துக்கலாம். வூடு பசிக்குதுன்னு கேக்கப் போவுதா?”

அவருக்கு ஒரே ஒரு பயம், நெருப்பு. ஊர்க்காரன் எவனாவது கொளுத்திவிடுவான் என்ற பயம்.

“வெளிய போனவங்க வயித்தெரிச்சல் இருக்குது பாருங்க சார், அது சும்மா விடாது. இன்சூரன்ஸு இருந்துட்டா நிம்மதியாத் தூங்குவேன்.”

அந்த வயிற்றெரிச்சலுக்குத் தாமே காரணம் என்பதில் அவருக்குச் சந்தேகமோ சங்கடமோ இருந்ததில்லை. மழை வரும், குடை வேண்டும் என்பது போலச் சொல்வார்.

ஆனால் காலி வீட்டுக்கு எந்தக் கம்பெனியும் இன்ஷூரன்ஸ் தராது. எடுத்த பிறகு காலியாகி ஒரு மாதத்துக்கு மேல் ஆளில்லாமல் கிடந்தாலும் பாலிசி செல்லாது. இதை அவரிடம் சொன்னேன். நம்பவில்லை. விழுப்புரத்தில் இருந்த மற்ற ஏஜென்ட்டுகளைப் பார்த்தார். கடலூர் போனார். பாண்டிச்சேரி போனார். மதராஸுக்கே போய் மவுண்ட் ரோட்டில் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். எல்லா இடத்திலும் ஒரே பதில். திரும்பி என்னிடமே வந்தார்.

“நாளைக்குச் சாவப் போற மனுஷனுக்கு இன்சூரன்ஸு குடுக்கறீங்க. கல்லு மாதிரி நிக்கற வூட்டுக்குக் குடுக்க மாட்டீங்களா?”

“ஆள் இருக்கற வீட்டுல நெருப்புப் பொறி விழுந்தா உடனே தண்ணி ஊத்துவாங்க. பூட்டின வீட்டுல எரிஞ்சு முடிஞ்சப்புறம்தான் தெருவுக்கே தெரியும். ஒரு ஆளாவது குடியிருக்கணுங்க.”

“ஒரு ஆளு போதுமா?”

“போதும்.”

தலையைச் சாய்த்து என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

அன்றைக்கு அவர் வந்திருந்தது என் வீட்டுக்கு. என் மனைவி சரோஜா காபி கொண்டுவந்து வைத்தாள். அப்பா காலமாகி மூன்றாம் மாதம். அவருடைய கைத்தடி கூடத்து மூலையில் சாய்த்து வைத்தபடியே இருந்தது. ஏலக்காரர் காபியைக் குடித்துக்கொண்டே அதை எடுத்துத் தரையில் ஊன்றிப் பார்த்தார். இரண்டடி நடந்தும் பார்த்தார்.

“இது சும்மாத்தானே கிடக்குது?”

“அப்பாவோடதுங்க,” என்றேன்.

“அதான் போயிட்டாரே.”

சரோஜா வந்து அவர் கையிலிருந்து தடியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவர் போன பிறகு என்னிடம் சொன்னாள்: “ஏங்க, அந்த ஆளு நம்ம வூட்டைப் பாத்த பார்வையே சரியில்ல. கதவு, ஜன்னலு, உத்தரம்னு ஒவ்வொண்ணா அளவெடுத்துக்கினு இருந்தாரு. இனிமே வர வேணாம்னு சொல்லிடுங்க.” அவர் குடித்த டம்ளரை அவள் தேய்த்து உள்ளே வைக்கவில்லை. கொல்லையில் செடிக்குத் தண்ணீர் மொள்ளப் போட்டுவிட்டாள்.

அதன் பிறகு வீடு பார்க்க வேண்டுமென்றால் நான்தான் போவேன். அவர் சொன்னது கேட்டுப் போனதில் ஒரு வேடிக்கையும் நடந்தது. விழுப்புரம் வீட்டில் இப்போது குடும்பம் இருக்கிறது, ஆளனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள் என்றார். மதராஸிலிருந்து கம்பெனி இன்ஸ்பெக்டர் வந்தார். வாசலில் கோலம் போட்டிருந்தது. கொடியில் ஒரு பழைய புடவை காய்ந்தது. மாடத்தில் விளக்கு. இன்ஸ்பெக்டர் அடுக்களைக்குள் போய் அடுப்பைக் குனிந்து பார்த்தார். அடுப்பு வாயில் சிலந்தி வலை பின்னியிருந்தது.

“கோலம் இருக்கு. குப்பை எங்கேய்யா?” என்றார் இன்ஸ்பெக்டர். “குடும்பம் இருக்கற வீட்டுல ஒரு முருங்கைக்காய்ச் சக்கையாவது கிடக்க வேணாமா?”

பாலிசி கிடைக்கவில்லை. அடுத்த மாதம் ஏலக்காரர் மறுபடி கூப்பிட்டார். போனேன். கதவைத் திறந்ததுமே நாற்றம் தெரு வரை வந்தது. பஸ் ஸ்டாண்டு ஓட்டலின் பின்பக்கத்திலிருந்து எச்சில் இலைகளைக் கூடையில் அள்ளி வந்து அடுக்களையிலும் முற்றத்திலும் கொட்டி வைத்திருந்தார். அழுகின சோற்றில் புழு நெளிந்தது. நடுவில், சலவை வேட்டி, விபூதியோடு அவர்.

“பாத்துக்கங்க சார். குப்பை இருக்குது,” என்றார்.

அதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் ஏஜென்ட்டுகள் ரொம்ப நாள் சிரித்தோம். சிரிக்கிற விஷயமாகத்தான் அது அப்போது பட்டது.

அப்புறம் திண்டிவனம் வீடு வந்தது. மல்லாட்டை எண்ணெய்ச் செக்கு வைத்திருந்த நடேசன் என்பவருடையது. தொழிலில் நொடித்து, வீடு ஏலத்துக்குப் போன வாரத்தில் நடேசனுக்குப் பக்கவாதம் வந்தது. வலப் பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் குழறிப் போனது. மனைவி கோவிந்தம்மாளுக்குப் போக்கிடம் மயிலத்துக்குப் பக்கத்தில் அண்ணன் முனுசாமியின் வீடு. அங்கே ஏற்கெனவே ஒரே அறையில் ஏழெட்டுப் பேர். அமீனா வந்து நின்றபோது அந்த அம்மாள் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாளாம்.

அப்போது ஏலக்காரர் முன்னால் வந்து சொன்னாராம்: “அழுவாதம்மா. இவரை இந்த நெலமையில எங்க தூக்கிக்கினு போவே? இங்கயே கிடக்கட்டும். நான் பாத்துக்கறேன். அங்க ஒரு குடிசை போட்டுக்கினு அப்புறமா வந்து கூட்டிக்கினு போ.”

கோவிந்தம்மாள் அவர் காலில் விழுந்தாள். தெருவே கண்ணைத் துடைத்துக்கொண்டது. தெருக்காரர் ஒருவர் இதைச் சொன்னபோது எனக்கும் மனசு கொஞ்சம் நெகிழத்தான் செய்தது. போய்ப் பார்த்தேன். கூடத்தை ஒட்டிய அறையில் நடேசன் சுத்தமான பாயில் படுத்திருந்தார். பக்கத்தில் தண்ணீர்ச் சொம்பு. ‘ஒருவர் குடியிருக்கிறார்’ என்று எழுதி அனுப்பினேன். உண்மைதானே. கம்பெனி பாலிசி கொடுத்தது. ஏலக்காரருக்குக் கிடைத்த முதல் பாலிசி. அதைக் கையில் வாங்கியபோது கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பல மாதங்கள் கழித்து வேறு வேலையாகத் திண்டிவனம் போனவனுக்கு, வாடகைச் சைக்கிளில் அந்தத் தெரு வழியாகப் போக நேர்ந்தது. மத்தியான வெயில். வீட்டின் வாசற்கதவில் வெளியே பூட்டுத் தொங்கியது. நடேசனை மனைவி கூட்டிப் போய்விட்டாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். அப்படியானால் வீடு காலி, கம்பெனிக்குச் சொல்ல வேண்டும். சைக்கிளை நிறுத்தினேன். உள்ளேயிருந்து ஒரு சத்தம் கேட்டது. கன்றுக்குட்டி அடித்தொண்டையில் கத்துவது மாதிரி.

பக்கவாட்டில் சந்து. ஜன்னல் பாதி திறந்திருந்தது. எட்டிப் பார்ப்பதற்கு முன்பே மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டியிருந்தது. நடேசன் அதே பாயில் கிடந்தார். பாய் கறுத்துப்போய் உடம்போடு ஒட்டியிருந்தது. அவர் கிடந்ததைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு மனமில்லை. ஈ மொய்த்துக்கொண்டிருந்தது, அதை ஓட்டவும் அவருக்கு ஒரு கைதான்.

“தண்... தண்ணி,” என்றார்.

எதிர் வீட்டு அம்மாள் ஓடி வந்து ஜன்னல் கம்பி வழியாகக் கெண்டியை நீட்டினாள். அது அவள் தினமும் செய்கிற வேலை என்று பார்த்ததுமே தெரிந்தது. அவர் இடக் கையை நீட்டி வாங்கிக் குடித்தார். பாதி மார்பில் வழிந்தது.

“பூட்டிக்கினு போயிடுவாரு சார் அந்த ஆளு. ஒரு நாளைக்கு ஒரு தபா வந்து எதையாவது வெச்சிட்டுப் போவாரு,” என்றாள் அவள் தாழ்ந்த குரலில்.

“இவரோட சம்சாரம் வர்றதே இல்லையா?”

உள்ளேயிருந்து நடேசன் அதைக் கேட்டுவிட்டார். “அவ... வரல. ஒருக்கா... கூட... வரல.” ஒரு கண்ணிலிருந்து மட்டும் நீர் வடிந்தது.

எதிர் வீட்டு அம்மாள் என் கையைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்துக்கொண்டு வந்தாள். “பாவம், அவருக்குத் தெரியாது சார். கோவிந்தம்மா வாராவாரம் வருது. இந்த ஆளு தெருமுனையிலேயே நிறுத்தி, ‘உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்றாரு, நீ வந்தா ரத்தம் கொதிக்குதாம், மறுபடியும் இழுத்துக்கும்’னு சொல்லித் திருப்பி அனுப்பிடறாரு. நாங்க நடுவுல பேசினா, எங்க வூட்டு மேலயும் அடமானம் இருக்குது, நியாபகம் வெச்சிக்கோங்கன்றாரு. இதோ வர்றாரு பாருங்க.”

டப்டப்பென்று செருப்புச் சத்தம். கையில் துணியில் கட்டிய தூக்கு. என்னைப் பார்த்ததில் அவருக்கு ஒரு மாறுதலும் இல்லை. “வாங்க சார், வெயில்ல நிக்கறீங்களே,” என்று பூட்டைத் திறந்தார். கூடத்தில் உட்கார்ந்து தூக்கை அவிழ்த்தார். கேப்பை அடை. முருங்கைக்கீரை போட்டது. ஓரத்தில் ஒரு துண்டு வெல்லம், தனியாக வாழை இலைக் கிழிசலில் சுற்றியிருந்தது. அறைக்கதவு திறந்திருந்தது, நாற்றம் கூடம் வரை அடித்தது. அவர் சாப்பிட ஆரம்பித்தார்.

“அந்தம்மாதான் குடுத்துட்டுப் போச்சு. புருஷனுக்குன்னு எப்படிப் பாத்துப் பாத்துச் செஞ்சிருக்குது பாருங்க. வெல்லம் வேற.”

“அது அவருக்கு வந்ததுங்க.”

“இந்த வூட்டுக்கு வந்தது சார். அவரு வாயில பாதி போவும், பாதி கீழ விழும். வீணாப் போறதை நம்மளால பாக்க முடியாது.”

வெல்லத்தை வாயில் அதக்கிக்கொண்டு, கருகின ஓரங்களை மட்டும் பிய்த்துத் தனியே வைத்தார். அதுதான் நடேசனுக்கு.

“அவரை அனுப்பிடுங்க,” என்றேன். “அவங்க கூட்டிக்கினு போகத் தயாரா இருக்காங்க.”

“அனுப்பிட்டா வூடு காலி ஆயிடுமே?” என்று நிஜமான ஆச்சரியத்தோடு கேட்டார். “நீங்கதானே சார் சொன்னீங்க, ஒரு ஆளாவது இருக்கணும்னு?”

சாப்பிட்ட கையை நடேசனின் அறைத் திரையில் துடைத்துக்கொண்டார். நான் சொல்லிக்கொள்ளாமல் வெளியே வந்து சைக்கிளை எடுத்தேன்.

மறுநாள் காலை மயிலம் பஸ்ஸில் போய் இறங்கி விசாரித்துக்கொண்டு நடந்தேன். கோவிந்தம்மாள் அண்ணனின் நிலத்தில் மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்தாள். நான் யாரென்று சொன்னேன். பார்த்ததைச் சொன்னேன். சொல்ல முடியாததை விட்டுவிட்டுச் சொன்னேன். கையில் பிடுங்கிய செடியோடு நின்று கேட்டாள். வேரிலிருந்து மண் உதிர்ந்துகொண்டிருந்தது.

வீடு ஏலத்துக்குப் போகுமுன் அவளுக்கும் நடேசனுக்கும் பெரிய சண்டையாம். தாய்வீட்டுச் சங்கிலியை அவள் கடைசிவரை கழற்றிக் கொடுக்கவில்லை. அந்தக் கோபத்தில் அவர் பேசாமலே இருந்த நாட்களில்தான் வாதம் வந்தது. அதனால் ‘உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்றாரு’ என்று ஒருவர் வந்து சொன்னபோது அவள் நம்பிவிட்டாள்.

அவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான். “நேத்து குடுத்த அடையை அவரு துண்ணாருங்களா?”

நான் பதிலுக்கு வாயெடுப்பதற்குள் என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். செடியைக் கீழே போட்டுவிட்டு, “அண்ணே, வண்டியைக் கட்டு,” என்று கத்தினாள். அந்தக் குரலுக்கு வரப்பில் மேய்ந்த கொக்கெல்லாம் எழும்பின.

வைக்கோல் பரப்பிய மாட்டுவண்டி திண்டிவனம் போய்ச் சேர்ந்தபோது உச்சி வேளை தாண்டிவிட்டது. ஏலக்காரர் கோர்ட்டில் வேறொரு ஏலத்தில் நின்றுகொண்டிருந்தார். முனுசாமி கடப்பாறையால் ஒரே நெம்பில் பூட்டைப் பெயர்த்தார். கோவிந்தம்மாள் வாசலில் மூக்கைக்கூடப் பொத்தாமல் நேராக உள்ளே போனாள்.

நடேசனின் குரல் கேட்டது. “ஏன்... வரல... நீ?”

“வந்தேங்க. வாராவாரம் வந்தேன். தெருமுனையில நின்னு நின்னு பாத்துட்டுப் போனேன். உங்களுக்கு என்னைப் புடிக்கலன்னு சொன்னாங்க.”

“யாரு... சொன்னது?”

அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு வெந்நீர் கேட்டாள். எதிர் வீட்டு அம்மாள் குடம் குடமாக வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தாள். கோவிந்தம்மாள் யாரையும் அறைக்குள் விடவில்லை. தானே கழுவி, புண்ணுக்கு மஞ்சள் அப்பி, தான் கொண்டுவந்த வேட்டியைச் சுற்றிவிட்டாள். பிறகுதான் முனுசாமியும் நானும் உள்ளே போய்த் தூக்கினோம். ஒரு ஆண்பிள்ளையைத் தூக்கிய கனமே இல்லை.

வண்டியில் ஏற்றிக்கொண்டிருக்கும்போது ஏலக்காரர் வந்துவிட்டார். தெருவில் இருந்தவர்களெல்லாம் வாசலுக்கு வந்து நின்றார்கள். முனுசாமி வண்டியிலிருந்து குதித்து அவர் சட்டையைப் பிடிக்கப் பாய்ந்தார்.

“தொடாத அண்ணே,” என்றாள் கோவிந்தம்மாள், புருஷனின் தலையை மடியில் வைத்தபடி. “கை நாறிப்போயிடும்.”

முனுசாமி நின்றுவிட்டார். ஏலக்காரர் இதையெல்லாம் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. உடைந்த பூட்டைக் குனிந்து எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டார். வண்டி தெருவைத் தாண்டியதும் என்னிடம் வந்து நின்றார்.

“ஆளு இல்லாம ஒரு மாசம் வரைக்கும் பாலிசி செல்லும், இல்ல சார்?”

அப்போதுதான் பார்த்தேன். கோவிந்தம்மாள் அவசரத்தில் மறந்துவிட்டுப் போன பித்தளைச் சொம்பு அவர் கையில் இருந்தது. குளிப்பாட்டுவதற்கென்று வண்டியில் கொண்டுவந்தது. வாய்ப் பக்கத்தை வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். அதை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். விடாமல் பிடித்தார், விரல்களைப் பிரித்துத்தான் வாங்க வேண்டியிருந்தது. எதிர் வீட்டுச் சைக்கிளை வாங்கிக்கொண்டு வண்டியைத் துரத்திப் போய் மயிலம் ரோட்டில் பிடித்துக் கொடுத்தேன். கொடுத்த பிறகு ரோட்டோரப் பம்பு செட்டில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். அந்த விரல்களின் வழவழப்பு போகவே இல்லை.

வீடு காலி என்று அன்றே கம்பெனிக்கு எழுதினேன். பாலிசியை ரத்து செய்தார்கள். போலீஸுக்கும் போனேன். ‘வாதம் வந்தவனுக்கு இடம் கொடுத்து, சோறும் போட்டிருக்காரு, இதுல என்னய்யா கேஸு?’ என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். நடேசன் முனுசாமி வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நாலடி நடக்கிற அளவுக்குத் தேறினார் என்று கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகு இரண்டு மூன்று வருஷம் இருந்தார். கேப்பைக் கூழைத் தன் கையாலேயே குடித்தாராம்.

ஏலக்காரருக்கு ஒன்றும் ஆகவில்லை. அறுபதுகளில் அவருடைய எல்லா வீட்டுக்கும் வேறொரு ஏஜென்ட் மூலமாக வேறொரு கம்பெனி பாலிசி கொடுத்தது. எல்லா வீட்டிலும் ஆட்கள் இருந்தார்கள். பார்வை போனவர், பிள்ளைகள் துரத்திவிட்டவர், தொழுநோய் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி ஊரில் சேர்க்கப்படாதவர். ஆளுக்கு ஒரு வீடு. ஒரு வருஷம் திண்டிவனத்தில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அநாதைகளுக்கு நிழல் கொடுத்த வள்ளல் என்று ஒருவர் அரை மணி நேரம் பேசினார். அவர் தலையைச் சாய்த்துக்கொண்டு சபையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் கடைசி வரிசையிலிருந்து எழுந்து வந்துவிட்டேன்.

அதற்குச் சில மாதங்கள் கழித்து, விழுப்புரத்தில் கிழக்குப் பாண்டி ரோட்டில் அவருடைய வீடு ஒன்றைக் கடந்து போனேன். வாசற்படியில் ஒருவர் உட்கார்ந்து இடக் கையால் பீடி பற்றவைக்கப் போராடிக்கொண்டிருந்தார். வலக் கை முழங்கைக்கு மேலேயே இல்லை. நான் சைக்கிளை நிறுத்திப் பற்றவைத்துக் கொடுத்தேன். ரைஸ் மில் பெல்ட்டில் கை போனது என்று அவரே சொன்னார். கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. கல்யாணமும் ஆகவில்லை.

கதவை ஒருமுறை பார்த்தேன். நாதாங்கியில் துருப்பிடித்திருந்தது.

“ராத்திரியில வெளிய பூட்டிக்கினு போறாருங்களா?” என்று கேட்டேன்.

“யாரு, ஐயாவா? பூட்டு எதுக்கு சார்? நான் எங்க போவப் போறேன்?” அவர் சிரித்தார். பிறகு எதையோ தப்பாகச் சொல்லிவிட்டது போல அவசரமாக, “நல்ல மனுஷன் சார். வேற எவன் இந்த மாதிரி ஆளுக்கு இடம் குடுப்பான், சொல்லுங்க?” என்றார்.

பீடியை உறிஞ்சிக்கொண்டு என் பதிலுக்காக அண்ணாந்து பார்த்தார். எனக்குத் தெரிந்த அத்தனையும் சொல்லியிருக்கலாம். சொன்னால் அன்றிரவு இந்த ஆள் எங்கே போய்ப் படுப்பார்?

“ஆமாங்க,” என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை மிதித்தேன்.